ஒரே பொட்டலத்தில் ஞாயிறும் திங்களும்

பெங்களூரு
18.8.2025

இனிகோவுக்கு,

நேற்றிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன். கத்தினால் நீங்கள் "சரி ஜெஸ்லின், சரி" என்று சொல்லிவிட்டு உங்கள் கப்பல் ஏஜென்சி வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். உங்களுக்கு எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் மண்டையில் ஏறும். அதனால் இந்த மெயில். இனிமேல் நமக்குள் பேச்சு எல்லாம் எழுத்தில்தான்.

ஜாக்சன் அண்ணனின் வள்ளத்தைக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டீர்களாம். அம்மா அழுதுகொண்டே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாட்டை அண்ணன் மீறிவிட்டானாம். ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை விடியக்காலையில் போக வேண்டியவன், ஞாயிறு ராத்திரியே நைசாகப் போய் மற்றவர்களுக்கு முன்னால் சீலா மீனை அள்ளிவிட்டானாம். இதற்கு ஆதாரம் நான் அனுப்பிய வீடியோ. அந்த ஆதாரத்தைக் கண்டுபிடித்த மகராசன் ஊர்க் கமிட்டிச் செயலாளர் இனிகோ, அதாவது அக்டோபரில் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர்.

மாதா பிறந்தநாள் திருவிழாவுக்குக் கோயில் மைதானத்தில் திரை கட்டிப் படம் காட்ட வேண்டும், ஜாக்சன் போனில் எடுத்த கடல் வீடியோவை எல்லாம் அனுப்பு என்று என்னிடம் கேட்டது யார்? நீங்கள்தான். ஜூலைக் கடைசியில் லீவில் வந்தபோது அண்ணன் போனிலிருந்து எல்லாவற்றையும் என் லேப்டாப்பில் ஏற்றினேன். பெங்களூர் வந்து, ஒவ்வொன்றாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் அழகாகப் பேர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி உங்களுக்கு அனுப்பினேன். ஆசையாகச் செய்தேன் இனிகோ. அதை வைத்து என் கூடப்பிறந்தவனையே பிடித்துக் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணனின் வள்ளம் தண்ணீரில் இறங்குகிற வரைக்கும் நம் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலையைக் கோயிலில் வாசிக்கக் கொடுக்காதீர்கள். என் அண்ணன் தலை குனிந்து நிற்கிற இடத்தில் மூன்று ஞாயிறு என் பேரை வாசிக்க வேண்டாம்.

ஜெஸ்லின்


தூத்துக்குடி
21.8.2025

அன்புள்ள ஜெஸ்லின்,

எழுத்தில்தான் ஏறும் என்கிறாய். ஏறியது.

நடந்ததைச் சொல்கிறேன். சமாதானம் சொல்வதாக நினைக்காதே. நீ ஆசையாக வைத்த தமிழ்ப் பேர்கள் ஒன்றுகூட இங்கே வந்து சேரவில்லை. உன் பொட்டலத்தைப் பிரித்ததும் கட்டம், கேள்விக்குறி, கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்து என்று என்னென்னவோ வந்தது. எது எந்த வீடியோ என்று தெரியவில்லை. எடுத்த தேதி வரிசையில் அடுக்கினால் முன்னே பின்னே இல்லாமல் போட்டுக் காட்டலாம் என்று தேதியை வைத்து அடுக்கினேன். இளைஞர் மன்றத்துப் பெவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வள்ளம் அலை தாண்டுகிற வீடியோவுக்கு நேரே ஜூலை 13, ராத்திரி 10.40 என்று இருந்தது. பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமை. நான் வாயைத் திறப்பதற்குள் பெவின், "அண்ணே, ஜாக்சன் அண்ணன் ஞாயித்துக்கெழமையில்லா போயிருக்காவ!" என்று கத்திவிட்டான்.

அவன் கத்தாவிட்டாலும் நான் சொல்லியிருப்பேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். செயலாளராக இருந்துகொண்டு பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது. போன வருஷம் இதே கட்டுப்பாட்டை மீறியதற்கு வேறு ஒரு வீட்டு வள்ளத்தை ஏற்றிப் போட்டோம். அந்தத் தீர்மானத்தையும் வாசித்தவன் நான்தான்.

கூட்டத்தில் ஜாக்சன், "திங்கக்கெழமதான் போனேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். வள்ளத்தில் கூடப் போனவர்களும் அதையே சொன்னார்கள். சொந்த வள்ளத்து ஆட்கள் வேறென்ன சொல்வார்கள் என்று யாரும் காதில் வாங்கவில்லை. தலைவர் கஸ்பார் மாமா, "ஊர் முன்னால ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு நாளைக்கே கடலுக்குப் போலே" என்றார். "செய்யாததுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்று எழுந்து போய்விட்டான். மறுநாள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவன், என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினான்.

அவன் போனும் இந்த மாதத் தொடக்கத்தில் கடலில் விழுந்துவிட்டது. இல்லாவிட்டால் அதைப் பார்த்தாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். ஆகவே உன்னையே கேட்கிறேன். அந்த ஃபைல்களை நீ என்னென்ன செய்தாய்? கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, செய்த வரிசையில் எழுது.

இனிகோ


பெங்களூரு
24.8.2025

இனிகோவுக்கு,

கோபத்தை ஒரு பக்கம் வைக்க முடியாது. அதையும் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

உங்கள் மெயிலைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். தப்பு என் கடிகாரத்தில் இருக்கிறது.

என் லேப்டாப்பில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். நான் வேலை பார்க்கிற கம்பெனியில் ஒரு ஆள் ஜப்பானில் இருப்பார், ஒரு ஆள் கனடாவில் இருப்பார். யார் நேரம் யாருக்கு என்ற குழப்பமே வேண்டாம் என்று எல்லோரும் மெஷினில் உலகப் பொது நேரத்தை வைத்திருக்கிறோம். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். அண்ணன் திங்கட்கிழமை விடியக்காலை 4.10க்கு எடுத்த வீடியோ, என் மெஷினின் கணக்கில் ஞாயிறு ராத்திரி 10.40. இரண்டும் ஒரே நேரம்தான். என் மெஷினுக்கு அது தெரியும்.

ஜிப்புக்குத்தான் தெரியாது. ஜிப் கட்டும்போது அது பக்கத்தில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து 10.40 என்று எழுதிக்கொள்ளும். எந்த ஊர் மணி என்று எழுதாது. தூத்துக்குடியில் உங்கள் விண்டோஸ் அதைப் பிரித்ததும், "ஓகோ, இங்கத்து 10.40 போல" என்று எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு மனுஷன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

நான் செய்த வரிசையைக் கேட்டீர்கள். வீடியோவைச் சுருக்கினேன். சுருக்கும்போது உள்ளே போன் எழுதிவைத்திருந்த விவரங்கள் எல்லாம் போய்விட்டன. புது ஃபைலுக்கு அன்றைய தேதி வந்துவிடுமே என்று, பழைய ஃபைலின் தேதியை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். ஒட்டியதும் பழையதை அழித்துவிட்டேன், இடம் இல்லை. பிறகு ஜிப்.

இப்போது கடிகாரத்தை நம் நேரத்துக்கு மாற்றிவைத்து மறுபடியும் கட்டி அனுப்புகிறேன். நீங்கள் அதைப் பிரித்து ஊரைக் கூட்டிக் காட்டுங்கள். அப்புறம் நீங்கள் அண்ணனிடம் மன்னிப்புக் கேளுங்கள், எழுத்தில் வேண்டாம், நேரில்.

ஜெஸ்லின்


தூத்துக்குடி
27.8.2025

அன்புள்ள ஜெஸ்லின்,

முதலில் என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டியதை முடித்துவிடுகிறேன். கப்பலிலிருந்து வருகிற மெயிலில் பைலட் ஏறிய நேரத்தை எழுதிவிட்டு, அது எந்த நாட்டு நேரம் என்று எழுதாவிட்டால், கேப்டனுக்கே திருப்பி மெயில் போட்டுக் கேட்கிறவன் நான். "இந்திய நேரமா, பொது நேரமா, தயவுசெய்து தெளிவுபடுத்தவும்" என்று தினமும் தட்டுகிற கை இது. உன் பொட்டலத்தைப் பார்த்தபோது மட்டும் அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. ஊர்க் காரியத்துக்கு வந்தால் ஆபீஸ் புத்தியைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்குகிறேன் போலிருக்கிறது.

நீ சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் புது ஜிப் அனுப்பாதே. அனுப்பினால் காரியம் கெட்டுவிடும்.

கஸ்பார் மாமாவிடமும் பெவினிடமும் சும்மா பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தேதிய ஒட்டத் தெரிஞ்ச புள்ளைக்கு மாத்தத் தெரியாதாடே? அண்ணனுக்குத் தங்கச்சி, உனக்குப் பொண்டாட்டியா வரப்போறவ. நாளைக்கு நாலு பேரு கேக்க மாட்டானா?" கேட்டது நியாயம்தான் என்று பட்டது.

உன் கையிலிருந்து புதிதாக எது வந்தாலும் அது தங்கச்சி கட்டிய ஜிப் என்றுதான் பேர் வாங்கும். வேறு வழி ஏதாவது உண்டா? என்னிடம் ஏற்கனவே இருப்பதிலேயே, நீ தொடாமல், நானும் தொடாமல், ஏதாவது காட்ட முடியுமா? நீ அனுப்பிய ஜிப் அப்படியே இருக்கிறது. பெவினிடம் ஒரு பிரதி இருக்கிறது, கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று.

ஜாக்சன் வலை பொத்திக்கொண்டிருக்கிறான். கிழியாத வலையையும் பொத்துகிறான் என்று உன் அம்மா சொன்னார்கள். சீலா ஓட்டம் முடியப் போகிறது, மற்ற வள்ளங்கள் தினமும் போய் வருகின்றன. எனக்கு அவன் வீட்டுத் தெரு வழியாகப் போக முடியவில்லை, சுற்றித்தான் போகிறேன்.

இனிகோ


பெங்களூரு
29.8.2025

இனிகோவுக்கு,

தங்கச்சி கட்டிய ஜிப்பாமே. கஸ்பார் மாமாவுக்கு என் ஞானஸ்நானத்தில் பிரியாணி போட்டதுகூட வீண்.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ரெண்டு நாள் அதையே யோசித்தேன், ஆபீஸில் என் தோழி அனிஷாவையும் கேட்டேன். வழி இருக்கிறது. உங்களிடம் இருக்கிற அந்த ஜிப்பே போதும்.

லினக்ஸில் ஜிப் கட்டினால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ரெண்டு நேரம் உள்ளே போகும். ஒன்று, ஊர்ப்பேர் இல்லாத வெறும் மணி. விண்டோஸ் தானாகப் பிரிக்கும்போது அதை மட்டும்தான் பார்க்கிறது. இன்னொன்று, ஓரத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிற பொது நேரம். அதைப் படிக்கத் தெரிந்த வேறு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும். அதன் இணைப்பைக் கீழே போட்டிருக்கிறேன். என்னை நம்ப வேண்டாம், பெவினையே இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பெவினிடம் இருக்கிற பிரதியையே அதில் பிரிக்கச் சொல்லுங்கள். அது ஓரத்து நேரத்தைப் படித்து, அதை நம் ஊர் நேரமாக மாற்றிக் காட்டும். தமிழ்ப் பேர்களும் ஒழுங்காக வரும் என்று நினைக்கிறேன்.

ரெண்டு நேரத்தில் எது பொய் என்று மாமா கேட்பார். அதற்கும் யோசித்துவிட்டேன். அந்தப் பொட்டலத்தில் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்து வள்ளங்களை மந்திரித்த வீடியோ ஒன்று இருக்கிறது. ஊரே நின்றது, கஸ்பார் மாமா முன்வரிசையில் நிற்கிறார். காலை எட்டு மணி இருக்கும், வெயில் அடிக்கிறது. இப்போது உங்கள் விண்டோஸில் அதற்கு நேரே என்ன மணி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அர்த்தராத்திரி ரெண்டரை என்று இருக்கும். நீங்கள் அண்ணன் வீடியோவின் மணியைத்தான் பார்த்தீர்கள், இதன் மணியைப் பார்க்கவில்லை. நடு ராத்திரியில் வெயிலில் நின்று மந்திரித்த ஊர் நம்ம ஊர்தான் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

ஊரைக் கூட்டுவதற்கு முன்னால் நீங்கள் தனியாக ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடுங்கள். கூட்டத்தில் ஏதாவது ஏடாகூடமாகிவிடக் கூடாது.

கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுதாக இல்லை.

ஜெஸ்லின்


தூத்துக்குடி
2.9.2025

அன்புள்ள ஜெஸ்லின்,

பிரித்துப் பார்த்தேன். நீ சொன்னபடியே எல்லாம். பேர்கள் தமிழில் வந்தன. "சாமியார் தண்ணீர் தெளித்தது" காலை எட்டு. "அலை தாண்டியது" ஜூலை 14, திங்கட்கிழமை, விடியக்காலை 4.10. ஜாக்சன் சொன்னதுதான் உண்மை. ஆபீஸில் இருந்தேன், ஒரு நிமிஷம் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

திரும்பி வந்து, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். "கரையில் விளக்கு" என்று ஒன்றுக்குப் பேர் வைத்திருக்கிறாய். இருட்டில் ஒரு வள்ளம் விளக்கோடு கரை சேருகிறது, அழகாக இருக்கிறது, நீயும் அழகுக்காகத்தான் சேர்த்திருப்பாய். பழைய நேரத்தில் அது சனிக்கிழமை ராத்திரி பதினொன்று, அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஐந்தரை மணி நேரம் ஜாக்சனின் வீடியோவை மட்டும் தள்ளாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தள்ளும். அது இப்போது ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை, விடியக்காலை 4.30. ஞாயிறு மட்டும் இல்லை, அன்றைக்கு நம் தொழிலுக்கே காவலான இராயப்பர் திருநாள்.

கடைசியில் ஒரு குரல் வருகிறது. சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். "ஏலே, போன உள்ள வையிலே." என் அண்ணன் மெல்வினின் குரல். அது எங்கள் வள்ளம்.

சாயங்காலம் ஊருக்குப் போய் மெல்வினைக் கேட்டேன். மறைக்கவில்லை. சனிக்கிழமை மதியம் வலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். ராத்திரி காற்று தூக்கிவிட்டது. விட்டால் மொத்த வலையும் போய்விடும் என்று எடுக்கப் போயிருக்கிறான். "கமிட்டியில கேட்டிருந்தா அனுமதி தந்திருப்பாங்களே" என்றேன். "கமிட்டின்னா நீதானலே. ஒங்கிட்ட கேட்டா நீ சட்டம் பேசுவ, வல போயிரும்" என்றான். உண்மையிலேயே சட்டம்தான் பேசியிருப்பேன்.

உள்ளே இருந்து அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "கூடப்பெறந்தவன ஊர் முன்னால நிறுத்திட்டுக் கல்யாணமா? ஓலை வாசிக்கட்டும், தடை உண்டுன்னு கோயில்ல எழும்பி நின்னு சொல்லுவேன்" என்றாள். அந்தோணியம்மாள் சொன்னால் செய்வாள் என்று ஊருக்கே தெரியும்.

நான் யாரிடமும் யோசனை கேட்கிற ஆள் இல்லை என்பாய். இப்போது கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் என்ன செய்யட்டும்?

இனிகோ


பெங்களூரு
4.9.2025

இனிகோவுக்கு,

உங்கள் மெயிலைப் படித்துவிட்டு அம்மாவின் போனில் அண்ணனைக் கூப்பிட்டேன். "கரையில் விளக்கு" என்று ஆரம்பித்ததுமே சிரித்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தெரியும்ளா. அன்னைக்குப் பூசைக்கு முந்தி வள்ளத்தப் பாக்கக் கரைக்குப் போயி நான்தான எடுத்தேன். மெல்வின்னு தெரிஞ்சதும் போன உள்ள வச்சிட்டேன். அதையும் சேத்து ஒங்கிட்ட தந்தனே, அந்தக் கழுத நான்தான். கூட்டத்துல அது சனிக்கெழமைன்னு காட்டுது. எனக்கு அது ஞாயித்துக்கெழமன்னு தெரியும். அப்பவே வெளங்கிட்டு, மெஷின்ல நேரம் தப்புன்னு. தப்புன்னு நான் சொன்னா எல்லாத்தையும் நோண்டுவாவ. நோண்டுனா மெல்வின் அகப்படுவான். நாளைக்கு நீ போயி வாழப்போற வீடு. அதான் வாய மூடிட்டு வந்துட்டேன்."

மன்னிப்பாவது கேட்டிருக்கலாமே என்றேன். "வாய மூடிக்கிடலாம். பொய் சொல்ல முடியுமா?" என்றான். போனை வைத்துவிட்டு அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பெருமையா வருத்தமா என்று தெரியாத அழுகை.

இனிகோ, நீங்கள் யோசனை கேட்டீர்கள். சொல்கிறேன், சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அண்ணன் வீடியோவை மட்டும் காட்டுங்கள். சாமியார் வீடியோவைக் காட்டுங்கள். எல்லாரும் சிரித்து முடிந்ததும் கம்ப்யூட்டரை மூடிவிடுங்கள். "கரையில் விளக்கு" பக்கம் யாரும் போக மாட்டார்கள். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருங்கள், அவ்வளவுதான்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால் உங்களை ஈரமில்லாத ஆள் என்று அம்மாவிடம் திட்டியவள்தான் இதை எழுதுகிறேன். எனக்கு உங்களோடு வாழ வேண்டும். உங்கள் அம்மா கோயிலில் எழுந்து நிற்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜெஸ்லின்


தூத்துக்குடி
10.9.2025

அன்புள்ள ஜெஸ்லின்,

நீ சொன்னபடி செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்தில் பெவின்தான் மென்பொருளை இறக்கினான், அவன் பிரதியைத்தான் பிரித்தான். சாமியார் வீடியோவின் அர்த்தராத்திரி மணியைப் பார்த்துச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. கஸ்பார் மாமா, "நான் ராத்திரி ரெண்டரைக்குக் குளிச்சி முழுகி வந்து நிக்கேன் பாருலே" என்று அவரே ஆரம்பித்துவைத்தார். ஜாக்சன் மேல் குற்றம் இல்லை என்று எழுதினோம். நான் எழுந்து அவன் முன்னால் போய், தப்பு என்னுடையது என்று ஊர் கேட்கச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேயே மூடியிருக்கலாம். கை மவுஸில்தான் இருந்தது. உன்னை நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ஆனால் கடிகாரம் தப்பு என்று சொல்லி உன் அண்ணனை விடுவித்துவிட்டு, அதே கடிகாரத்தை என் அண்ணனுக்கு மட்டும் சரி என்று விட்டுவைக்க என்னால் முடியவில்லை. போன வருஷம் நான் தீர்மானம் வாசித்த வள்ளக்காரரும் அங்கே உட்கார்ந்திருந்தார். மெல்வினைப் பார்த்தேன். அவன் புரிந்துகொண்டு தலையைத் திருப்பிக்கொண்டான். "இன்னொரு வீடியோவும் இருக்கு. அது எங்க வள்ளம்" என்றேன்.

ஜாக்சனுக்குத்தான் கோபம் வந்தது. "ஏலே, ஒன்ன யாருலே இப்ப கேட்டா?" என்று கத்தினான். மூன்று வாரத்துக்கு அப்புறம் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வலையைக் காப்பாற்றப் போனது என்பதால் மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார் மாமா. மெல்வின் கேட்டான். ஆனாலும் அனுமதி கேட்காமல் போனதற்காக எங்கள் வள்ளம் மாதக் கடைசி வரை கரையில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. செயலாளர் வேலையை விடுகிறேன் என்றேன். "ஒனக்கு மாத்தா ஒரு கிறுக்கன் கெடைக்கட்டும், அப்ப விடு" என்று மாமா சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை திருவிழா, யாரும் கடலுக்குப் போகவில்லை. படம் போட்டோம், உன் அண்ணன் அலை தாண்டுகிறபோது விசில் பறந்தது. செவ்வாய் விடியக்காலையில் அவன் வள்ளத்தைத் தள்ள நானும் போனேன். கூப்பிடவில்லை, போனேன். அங்கே கரையில் மெல்வின் சும்மா நின்றுகொண்டிருந்தான். ஜாக்சன் அவனைப் பார்த்து, "தடை வள்ளத்துக்குத்தான, ஆளுக்கில்லையே. ஏறுலே" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே செக்கரட்டரி, பேண்ட மடக்கிட்டுத் தள்ளு" என்றான். தள்ளினேன். இடுப்பு வரை நனைந்து அப்படியே ஆபீஸ் பஸ் பிடித்தேன்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வைக்கிறாள். ஓலை விஷயத்தில் அவள் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. நீ சொல்லாமல் நான் ஓலை கொடுக்க மாட்டேன்.

இனிகோ


பெங்களூரு
12.9.2025

இனிகோவுக்கு,

படித்ததும் முதலில் லேப்டாப்பைத் தூக்கி எறியலாம் என்று இருந்தது. என் பேச்சைக் கேட்காமல், என் கல்யாணத்தைப் பணயம் வைத்து, ஊருக்கு நல்லவராகிவிட்டீர்கள் என்று வாய்விட்டுத் திட்டினேன். அனிஷா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

அப்புறம் ராத்திரி சாப்பிடும்போது ஒன்று தோன்றியது. நான் சொன்னபடி நீங்கள் மூடியிருந்தால், நாளைக்கு நமக்குள் ஒரு சண்டை வரும்போது, "இந்த ஆள் மூடத் தெரிந்த ஆள்" என்று எனக்குள் ஒரு சந்தேகம் உட்கார்ந்திருக்கும். அந்தச் சந்தேகம் இப்போது இல்லை. மிச்சம் இருப்பது பயம் மட்டும்தான்.

ஓலை கொடுங்கள். உங்கள் அத்தைமார் யாரையும் விட்டு அம்மாவைச் சமாதானம் செய்யச் சொல்லாதீர்கள். அம்மாவுக்குக் கோபப்பட நியாயம் இருக்கிறது. எழுந்து நின்றால் நிற்கட்டும். சாமியார் என்ன தடை என்று கேட்பார், உங்கள் அம்மா சொல்லட்டும், ஊர் கேட்கட்டும். நான் லீவு கிடைக்காமல் இங்கே இருப்பேன். நீங்கள்தான் அங்கே தனியாக இருப்பீர்கள். அன்றைக்கே எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ.

ஜெஸ்லின்


தூத்துக்குடி
21.9.2025, ஞாயிறு

அன்புள்ள ஜெஸ்லின்,

ஓலை வாசித்தாயிற்று.

அம்மா காலையில் என்னைப் பார்க்காமலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். பெண்கள் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நானும் மெல்வினும் ஆண்கள் பக்கம். ஜாக்சன் எங்களுக்கு ரெண்டு பெஞ்ச் பின்னால். இந்த ரெண்டு வாரமும் மெல்வின் தினமும் ஜாக்சன் வள்ளத்தில்தான் போய் வருகிறான். விடியக்காலையில் எங்கள் வாசலில் வந்து ஜாக்சன்தான் கூப்பிடுகிறான். அம்மா கதவைத் திறந்துவிடுவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். முந்தாநாள் மட்டும் ஜாக்சனுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் கட்டன்சாயா வைத்தாள் என்று மெல்வின் சொன்னான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூசை முடியும் நேரம் சாமியார் ஓலையை எடுத்தார். என் பேர், என் அப்பா பேர், உன் பேர், உன் அப்பா பேர். இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்தார். அம்மா எழுந்து நின்றாள்.

சாமியார் காகிதத்தைக் கீழே இறக்கிவிட்டார். மெல்வின் என் முட்டியைப் பிடித்துக்கொண்டான். கஸ்பார் மாமா கண்ணாடியைக் கழற்றினார். நான் உன்னை நினைத்துக்கொண்டேன், நீ இங்கே இல்லாதது நல்லது என்று நினைத்தேன்.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வரிசையை விட்டு வெளியே வந்தாள். சாமியார் பக்கம் போகவில்லை. பின்னால் நடந்தாள். கடைசி வரிசையில் ஓரமாக உன் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். வள்ளத்தைக் கரையில் ஏற்றிய நாளிலிருந்து அங்கேதான் உட்காருகிறார்களாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அம்மா அவர்கள் முன்னால் போய் நின்று, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ஏளா சம்மந்தி, கொஞ்சம் தள்ளி இரி."

இனிகோ